ஆன்லைன் பியானோ வகுப்புக்கு வீட்டில் என்ன வேண்டும்? டெல்டா பெற்றோர் அடிக்கடி கேட்ட கேள்விகள்

கும்பகோணத்தில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு மன்னார்குடி, மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு பியானோ சொல்லித் தருகிறேன். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் ஆரம்பித்தது. பஸ் ஏறி வரும் அலைச்சல் மிச்சம் என்பதால் அப்படியே நிலைத்துவிட்டது. புதிதாகச் சேரும் வீட்டில் முதல் இரண்டு வகுப்பு "டீச்சர் கேக்குதா? டீச்சர் தெரியுதா?" என்பதிலேயே போய்விடும். ஒரே பதிலை எத்தனை தடவை போனில் சொல்வது? கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதிவைத்து பதிலும் போட்டுவிட்டேன்.

செலவு செய்யும் வரிசையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதலில் கீ, அப்புறம் சத்தம், கடைசியில்தான் படம். நிறைய வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கேமரா பளிச்சென்று இருக்கும், வாசிப்பது பொம்மைக் கீபோர்டாக இருக்கும்.

"டீச்சர், கீபோர்டும் பியானோவும் ஒண்ணுதானே? கீபோர்டு வாங்கினா போதாதா?"

பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். பியானோவில் கீயை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழுந்து கம்பியை அடிக்கும். மெல்ல அழுத்தினால் மெல்லிய சத்தம், ஓங்கி அழுத்தினால் பெரிய சத்தம். 1700-ஐ ஒட்டி இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி என்பவர் இதை உருவாக்கியதே இந்த ஏற்ற இறக்கத்துக்காகத்தான். சாதாரணக் கீபோர்டில் கீக்கு அடியில் ஸ்பிரிங்கும் ரப்பரும்தான் இருக்கும். டிஜிட்டல் பியானோ என்று விற்பதில் கம்பி கிடையாது, ஆனால் சுத்தியலின் கனம் விரலுக்குத் தெரியும்படி செய்திருப்பார்கள். கடையில் 'வெயிட்டட் கீ' என்று கேளுங்கள்.

ஆரம்பிக்கக் கீபோர்டு போதும். ஆனால் அழுத்தத்துக்குத் தக்கபடி சத்தம் மாற வேண்டும். அதற்கு 'டச் சென்சிட்டிவ்' என்று பெயர். இன்னொன்று, கீ முழு அளவில் இருக்க வேண்டும். அடுத்தடுத்த ஏழு வெள்ளைக் கீயின் அகலம் சுமார் 16.5 செ.மீ. பிள்ளையின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் 15 செ.மீ. ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஏழு கீயும் ஸ்கேலுக்குள் அடங்கிவிட்டால் அது விளையாட்டுச் சாமான்.

"61 கீ போதுமா? 88 தான் வாங்கணுமா?"

முதல் ஒன்றரை, இரண்டு வருஷப் பாடங்கள் 61 கீக்குள் அடங்கும். அதற்கு மேல் இடது கை கீழே இறங்கும்போது கீ தீர்ந்துபோகும். 88 கீயில் வெள்ளை 52, கறுப்பு 36. பெரிய பியானோவிலும் இதே கணக்குத்தான்.

பிள்ளை நிலைத்து நிற்குமா என்று சந்தேகம் இருந்தால் 61-இல் தொடங்குங்கள். படிப்படியாக எழுதும் கிரேடு இசைத் தேர்வுக்குப் போவது என்று முடிவாகிவிட்டால் நேராக 88-க்குப் போய்விடுங்கள். நடுவில் 76 வாங்கி, அப்புறம் அதையும் மாற்றி, இரண்டு செலவு வேண்டாம்.

"மொத்தமா எவ்வளவு எடுத்து வைக்கணும்?"

முழு அளவு கீயும் டச் சென்சிட்டிவ் வசதியும் உள்ள 61 கீ கீபோர்டு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆரம்பிக்கும். வெயிட்டட் 88 கீ என்றால் நாற்பதாயிரத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை மாறும். ஸ்டாண்ட், போன் பிடிப்பான், வயர் வைத்த ஹெட்போன் எல்லாம் சேர்த்து இரண்டு மூவாயிரத்தில் முடித்துவிடலாம்.

"சர்ச்சுல வாசிச்ச பழைய கீபோர்டு ஒண்ணு வருது. வாங்கலாமா மேடம்?"

வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். பியானோ சத்தத்தை வைத்துக்கொண்டு இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒவ்வொரு கீயையும் ஒரே அழுத்தத்தில் அடியுங்கள். ஒன்று மட்டும் திடீரென்று கத்தினாலோ ஊமையாக இருந்தாலோ அடியில் கான்டாக்ட் ரப்பர் தேய்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் சரிசெய்துவிடலாம். நடு மேடையில் பத்து வருஷம் ஓடிய கீபோர்டில் நடுவில் இருக்கும் இரண்டு ஆக்டேவ் (ஏழு வெள்ளைக் கீ சேர்ந்தது ஒரு ஆக்டேவ்) முழுக்கவே அப்படித்தான் இருக்கும், விட்டுவிடுங்கள்.

ஹெட்போன் ஜாக்கில் ஹெட்போனைச் செருகி மெல்ல ஆட்டிப் பாருங்கள், கரகரவென்றால் அங்கேயும் வேலை இருக்கிறது. அடாப்டர் அதனுடையதுதானா என்று கேளுங்கள். ஒரு மாடல் 12 வோல்ட் கேட்கும், இன்னொன்று 9.5 கேட்கும், பிளஸ் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதும் மாறும். 'இதுவும் நுழையுதே' என்று டிவி பெட்டியின் அடாப்டரைச் செருகாதீர்கள்.

"அமெரிக்காவுல இருந்து மச்சான் கொண்டாந்தது. நம்ம கரண்டுக்கு ஒத்துக்குமா?"

கீபோர்டைப் பார்க்காதீர்கள், அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 'இன்புட்' என்று ஒரு வரி இருக்கும். 100–240 வோல்ட் என்றால் கவலையில்லை, பின்னை மாற்றும் பிளக் ஒன்று போதும். 120 மட்டும் போட்டிருந்தால் நம் 230-இல் செருகிய கொஞ்ச நேரத்தில் கருகும். பாபநாசத்தில் ஒரு வீட்டில் அப்படித்தான், முதல் வகுப்பன்று ஒரு வாசனை வந்தது, அத்தோடு சரி. நல்லவேளை, போனது அடாப்டர் மட்டும்தான். அதே வோல்ட், அதே முனையில் இங்கேயே வேறு வாங்கிப் போட்டார்கள்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருவதற்கு வோல்ட் தொல்லை கிடையாது. அங்கேயும் 230, 240தான்.

"கட்டில் மேல வச்சு வாசிச்சா ஆகாதா?"

ஆகாது. மெத்தை அமுங்கும், கீபோர்டு சாயும், பிள்ளையின் மணிக்கட்டு மடியும். ஆறு மாதம் அப்படி வாசித்துப் பழகிய கையைத் திருத்த எனக்கு ஒரு வருஷம் ஆகிறது. தரையிலிருந்து வெள்ளைக் கீயின் மேல்பக்கம் ஏறக்குறைய 72, 73 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். உட்கார்ந்தால் முழங்கை கீயின் மட்டத்துக்கு வர வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும். சின்னப் பிள்ளைக்குப் பாதம் எட்டாது. மணைப்பலகை ஒன்றைக் காலுக்கடியில் போடுங்கள். எந்தக் கடையிலும் இதைவிட நல்ல சாமான் கிடைக்காது.

கத்தரிக்கோல் மாதிரி விரியும் ஸ்டாண்ட் 61 கீக்குச் சரி. 88 கீயின் கனத்துக்கு அது ஆடும், நான்கு கால் வைத்த மேசை மாதிரி ஸ்டாண்டோ, தச்சரிடம் செய்த கெட்டிப் பலகையோ போடுங்கள். நாற்காலிக்குக் கை வேண்டாம், முழங்கை இடிக்கும்.

"எந்த ரூம்ல வைக்கிறது? எங்க வீடு முத்தம் வச்ச பழைய வீடு."

முற்றம் வைத்த வீட்டுக் கூடம் பார்க்க அழகு. மழைக்காலத்தில் முற்றத்துச் சாரல் கீபோர்டுக்கு ஆகாது, அவ்வளவுதான். தள்ளிச் சுவரோரம் வையுங்கள். சிக்கல் உண்மையில் புது வீடுகளில்தான். டைல்ஸ் தரை, காலி ஹால், நாலு பக்கமும் வெற்றுச் சுவர், ஒரு ஸ்வரம் அடித்தால் மூன்றாகக் கேட்கும். கீழே ஜமக்காளம் விரித்து, எதிர்ச் சுவரில் ஒரு கனத்த போர்வையோ கோரைப்பாயோ தொங்கவிட்டாலே எனக்குப் பாதி தெளிந்துவிடும்.

ஜன்னல் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். படத்தில் கை கறுப்பாகிவிடும். வெளிச்சம் பக்கவாட்டிலோ முன்னாலோ வரட்டும். சமையலறைக்கு அடுத்த அறையும் வேண்டாம், மிக்ஸி ஓடினால் வகுப்பு நிற்கிறது.

"போன்லயே படிக்கலாமா? லேப்டாப் வாங்கணுமா?"

போன் போதும். சத்த அமைப்புகளை மாற்ற லேப்டாப் வசதி, வீட்டில் இருந்தால் அதையே வையுங்கள். இதற்காகப் புதிதாக வாங்கும் பணம் இருந்தால் கீபோர்டில் போடுங்கள். டேப்லெட்டின் பெரிய திரையில் நோட்ஸ் (பாட்டின் ஸ்வரம் எழுதிய தாள்) பார்ப்பது சுலபம் என்பார்கள். அச்சடித்த நோட்ஸ்தான் எனக்குப் பிடிக்கும், பென்சிலால் வட்டம் போடலாம்.

"போனை எங்க வைக்கணும்? மூஞ்சி தெரியணுமா?"

எனக்கு உங்கள் மகனின் முகத்தைவிடக் கைதான் முக்கியம். வலது பக்கம், கீபோர்டுக்குச் சற்று மேலே, போனைப் படுக்கைவாட்டில் வையுங்கள். விரல் நுனி, மணிக்கட்டு, முழங்கை மூன்றும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். முகம் ஓரமாகத் தெரிந்தால் போதும். நோட்ஸ் ஸ்டாண்டில் போனைச் சாய்த்து வைத்தால் தெரிவது மோவாய்க்கட்டையும் சீலிங் ஃபேனும்தான்.

வளையும் கம்பி வைத்த பிடிப்பானைக் கீபோர்டு ஸ்டாண்டில் மாட்டாதீர்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் படம் குலுங்கும். பக்கத்து மேசையிலோ ஜன்னல் கம்பியிலோ மாட்டுங்கள். சிலர் போனின் முன் கேமராவில் இடது வலது மாறித் தெரிகிறதே என்று கேட்கிறார்கள். அது உங்கள் திரையில் மட்டும்தான், எனக்கு நேராகவே வரும்.

"நெட் நல்லாத்தான் இருக்கு, என் பேச்சும் தெளிவா கேக்குது. வாசிக்கும்போது மட்டும் சத்தம் விட்டு விட்டு வருதுங்கிறீங்களே?"

அதிகமாக வரும் கேள்வி இதுதான். நெட்டின் மேல் பழியைப் போட்டு இணைப்பையே மாற்றியவர்கள் உண்டு. குற்றவாளி ஆப்பில் இருக்கிறது. ஜூம் மாதிரியான ஆப்புகள் மனிதப் பேச்சுக்காகச் செய்தவை. பேச்சு ஏறி இறங்கும், நடுநடுவே நிற்கும். நிற்காமல் ஒரே மாதிரி வருவது ஃபேன், மோட்டார் இரைச்சல் என்று நினைத்து அதை வடிகட்டிவிடும். சத்தத்தை நீட்டும் பெடலைக் காலால் மிதித்து ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களை, பிடித்துப் பாருங்கள். உங்கள் அறையில் அது ஏழெட்டு நொடி ஒலிக்கும். எனக்கு ஒரு நொடி கேட்கும், அப்புறம் தண்ணீரில் முக்கிய மாதிரி அமுங்கிக் காணாமல் போகும். நீங்கள் மெல்ல வாசித்தால் ஆப்பே சத்தத்தைத் தூக்கும், ஓங்கி வாசித்தால் அமுக்கும். முதல் பதிலில் சொன்ன ஏற்ற இறக்கம் மொத்தமும் வழியிலேயே தொலைந்துவிடும்.

லேப்டாப்பில் ஜூமின் செட்டிங்ஸ், ஆடியோ பக்கத்துக்குப் போங்கள். அங்கே 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழே 'ஹை ஃபிடிலிட்டி மியூசிக் மோட்' வரும், அதையும் டிக் செய்யுங்கள். வகுப்பு தொடங்கியதும் திரையின் மேல் மூலையில் அதே பெயரில் ஒரு பொத்தான் தெரியும், அது 'ஆன்' என்று காட்ட வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். போன் ஆப்பிலும் 'ஒரிஜினல் சவுண்ட்' உண்டு, மீட்டிங் செட்டிங்கில் தேடுங்கள். கூகுள் மீட் என்றால் 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்பதை அணையுங்கள்.

"நீங்க சொன்ன மாதிரி போட்டேன். இப்ப ஃபேன் சத்தம் பெருசா கேக்குதாமே?"

கேட்கும். வடிகட்டியை எடுத்துவிட்டோம் அல்லவா, ஃபேன், காக்காய், தெருவில் போகும் டிராக்டர் எல்லாம் வரும். போனை ஃபேனுக்கு நேர் கீழே வைக்காதீர்கள், காற்று மைக்கில் அடிப்பதுதான் பெரிய இரைச்சல். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. டேபிள் ஃபேனைப் பிள்ளையின் முதுகுப்பக்கம் வையுங்கள்.

"வாட்ஸ்அப் வீடியோ கால்லயே எடுத்திடுங்களேன்?"

அவசரத்துக்கு எடுப்பேன். மேலே சொன்ன ஒரிஜினல் சவுண்ட் வசதி அதில் இல்லை. பாடத்தை வாசித்துப் பதிவு செய்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அது வேறு. பதிவில் சத்தம் முழுதாக இருக்கும். ஜூமில் காசு கட்டாத கணக்கில் 40 நிமிஷத்தில் துண்டித்துவிடும் என்பதால் என் வகுப்பும் 40 நிமிஷம்தான். பிள்ளைகளுக்கும் அதுவே போதும்.

"ப்ளூடூத் ஹெட்போன் போட்டா வாசிக்கிறது லேட்டா கேக்குதுன்னு பையன் சொல்றான். பொய் சொல்றானா?"

உண்மையைத்தான் சொல்கிறான். சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் சத்தம் ஏறக்குறைய கால் நொடி வரை பிந்தும். பாட்டுக் கேட்க அது தெரியாது, வாசிக்கும்போது விரலும் காதும் சண்டை போடும். வயர் வைத்ததையே போடுங்கள். கீபோர்டில் பெரும்பாலும் தடித்த 6.35 மி.மீ. துளை இருக்கும், சிலதில் போன் மாதிரி 3.5 மி.மீ. தடித்த துளைக்கு ஒரு சின்ன மாற்றி முனை ஐம்பது, நூறு ரூபாய்க்கு எந்த சவுண்ட் சர்வீஸ் கடையிலும் கிடைக்கும்.

ஹெட்போனைக் கீபோர்டில் செருகினால் அதன் ஸ்பீக்கர் அணைந்துவிடும், எனக்கு ஒன்றுமே கேட்காது. வகுப்பில் அதைப் போனில் செருகுங்கள். என் குரல் பிள்ளையின் காதுக்குப் போகும், கீபோர்டு வெளியே பாடும், போன் மைக் அதை எடுத்துக்கொள்ளும். ஹெட்போன் வயரில் தொங்கும் சின்ன மைக் சட்டையில் உரசும். முடிந்தால் மைக் இல்லாத ஹெட்போனாக வாங்குங்கள்.

"நீங்க வாசிக்க வாசிக்க கூடவே வாசிச்சா ஏன் சேர மாட்டேங்குது?"

தேர் வரும்போது தெருக்கோடியில் நின்று பார்த்திருப்பீர்கள். தவில்காரரின் கோல் விழுவது முதலில் தெரியும், சத்தம் அப்புறம் வந்து சேரும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. நெட்டில் நம் இரண்டு பேருக்கும் நடுவே 200 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் நான் உங்களிடமிருந்து 70 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன் என்று அர்த்தம். நான் கேட்டு, அதற்குச் சேர்த்து வாசித்து, அது உங்களிடம் திரும்பி வரும்போது தாமதம் இரட்டிப்பாகிவிடும். எவ்வளவு வேகமான இணைப்பு வாங்கினாலும் இது முழுக்கப் போகாது.

அதனால் ஆன்லைனில் ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்க வேண்டும். தாளத்துக்கு நான் கைதட்டுவதும் வீண். தாளம் தட்டும் மெட்ரோனோம் உங்கள் வீட்டில்தான் ஓட வேண்டும், கீபோர்டிலேயே அதற்கு ஒரு பொத்தான் இருக்கும். கூட வாசிக்க ஆசை என்றால் இடது கையை நான் பதிவு செய்து அனுப்புகிறேன், அதைப் போட்டுக்கொண்டு வலது கையை வாசிக்கட்டும்.

"கீபோர்டுலேருந்து நேரா வயர் போட்டு போன்ல கொடுத்தா சத்தம் சுத்தமா வருமாமே?"

வரும், ஆனால் வெறும் வயரைப் போட்டால் வராது. போன் துளையில் ஹெட்போனுக்கு ஒரு பாதை, மைக்குக்கு ஒரு பாதை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முனை உள்ள வயரைச் செருகினால் போன் அதை மைக்காகவே எடுத்துக்கொள்ளாது. நடுவே 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்று ஒரு சின்னப் பெட்டி வேண்டும். கீபோர்டிலிருந்து அதற்கு வயர், அதிலிருந்து யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்கு. அப்போது உங்கள் பேச்சு கேட்காது, அதே பெட்டியில் தனியாக ஒரு மைக்கும் செருக வேண்டும்.

சில டிஜிட்டல் பியானோக்களில் யூஎஸ்பி வயரிலேயே சத்தமும் போகும். பலவற்றில் அந்த யூஎஸ்பியில் போவது மிடி மட்டும். எந்தக் கீயை எப்போது எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்ற தகவல் அது, ஒலி இல்லை. வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வருஷத்தில் இந்தச் செலவே வேண்டாம் என்பது என் கருத்து.

"வயர் போட்டதிலிருந்து 'உம்ம்'னு ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கு."

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் கரண்ட் லைன் வழியாக வரும் ஹம் அது. எர்த் சரியில்லாத பழைய வயரிங்கில் சகஜம். வகுப்பு நேரத்துக்குப் பேட்டரியில் ஓட்டுங்கள், வசதிப்படும்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பாருங்கள். கீபோர்டுக்காக இல்லாவிட்டாலும் ஃப்ரிட்ஜுக்காகவாவது பார்க்க வேண்டியதுதான்.

"தினம் 1.5 ஜிபி வர்ற போன் நெட் போதுமா?"

ஒரு வகுப்புக்குப் போதும். நல்ல தெளிவில் ஜூம் நொடிக்கு 1.2 மெகாபிட் அனுப்பும், அதே அளவு வாங்கும். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி பக்கம் வரும், 40 நிமிஷத்துக்கு முக்கால். அன்றைக்கு மத்தியானமே அண்ணன்காரன் கிரிக்கெட் பார்த்துத் தீர்த்திருந்தால் நான் பொறுப்பில்லை.

வேகச் சோதனையில் எல்லோரும் டவுன்லோடு எவ்வளவு என்று சொல்கிறார்கள். நான் கேட்பது அப்லோடு. உங்கள் வாசிப்பு என்னிடம் வருவது அந்த வழியில்தான். ஃபைபர் இருக்கும் வீட்டில் வைஃபை பெட்டியும் கீபோர்டும் ஒரே அறையில் இருப்பது நல்லது. ஒன்றரை அடிச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டி உள்ளறைக்கு வரும்போது வைஃபை மூச்சு வாங்கும்.

"கரண்டு போனா என்ன செய்றது? எங்க ஊர்ல மாசத்துல ஒரு நாள் முழுக்க நிறுத்துறாங்க."

பராமரிப்புக்காக நிறுத்தும் நாளை மின்வாரியம் முன்கூட்டியே சொல்லிவிடும், சாயங்காலம் வந்தும் விடும். அன்றைக்கு வகுப்பை ராத்திரிக்கு மாற்றிக்கொள்வோம். திடீரென்று போவதற்குத்தான் ஏற்பாடு வேண்டும். வைஃபை பெட்டிக்கென்றே 12 வோல்ட் மினி யூபிஎஸ் கிடைக்கிறது. உங்கள் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். 61 கீ மாடல்கள் பலவற்றில் அடியில் பேட்டரி போடும் அறை இருக்கும், ஆறு பென்சில் செல் போட்டால் ஒரு வகுப்புக்குத் தாராளம். பெரிய டிஜிட்டல் பியானோக்கள் பலவற்றில் அது இல்லை.

வீட்டு இன்வெர்ட்டரில் கீபோர்டு ஓட்டலாம். பழைய 'ஸ்கொயர் வேவ்' இன்வெர்ட்டராக இருந்தால் கரண்ட் போன நொடியில் ஸ்பீக்கரில் 'ஞொய்' என்று ஆரம்பிக்கும், 'சைன் வேவ்' என்றால் அந்தத் தொல்லை இல்லை. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, அதற்கெல்லாம் எந்தப் பெட்டியும் பதில் சொல்லாது.

"இடி இடிச்சா வகுப்பை நிறுத்தணுமா?"

நிறுத்துங்கள். எனக்குச் சொல்லக்கூட வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்புறம் மெசேஜ் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இது வாரத்துக்கு ஒன்றாவது நடக்கும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். கீபோர்டு அடாப்டர், வைஃபை பெட்டியின் அடாப்டர், லேப்டாப் சார்ஜர், மூன்றையும். ஃபைபர் கண்ணாடி இழை, அதன் வழியாக மின்சாரம் வராது. பெட்டிக்கு வரும் கரண்ட் வயர் வழியாகத்தான் வரும்.

"எலி வயரைக் கடிச்சிடுச்சு டீச்சர். கீபோர்டை எப்படிப் பாதுகாக்கிறது?"

சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலி வீட்டைத் தேடி வரும். தை, மாசியில் எனக்கு இந்த போன் தவறாமல் வருகிறது. அடாப்டர் வயரைத் தரையில் விடாமல் சுருட்டிக் கீபோர்டின் மேல் வைத்துவிடுங்கள். அதே சமயத்தில் நெல் சுணையும் வைக்கோல் தூசியும் ஜன்னல் வழியாக வந்து கீ இடுக்கில் இறங்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டி ஒன்றை நாலாக மடித்துப் போர்த்துங்கள். பிளாஸ்டிக் உறையை இறுக்கிக் கட்டினால் மழைக்காலத்தில் உள்ளே வியர்க்கும்.

நாகை, வேதாரண்யம் கரையோர வீடுகளில் எலியைவிட உப்புக்காற்றுதான் எதிரி. ஜாக்கின் உட்பக்கம் பச்சை பூத்துவிடும். கடல் பார்த்த ஜன்னல் பக்கம் வைக்க வேண்டாம். தினமும் வாசித்தால் கீயும் ஜாக்கும் ஓரளவு சுத்தமாக இருக்கும், மூடி வைத்தால்தான் கெடும்.

"பெடலை மிதிச்சா சத்தம் நிக்குது, விட்டா நீளுது. தலைகீழா இருக்கே?"

கீபோர்டை அணைத்து, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, மறுபடி போடுங்கள். பல கீபோர்டுகள் உயிர் பெறும் அந்த நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே 'மிதிக்காத நிலை' என்று எடுத்துக்கொள்ளும். அப்போது கால் பெடலை மிதித்துக்கொண்டிருந்தால் எல்லாம் தலைகீழ். அப்படியும் மாறவில்லை என்றால் பெடலின் அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். பெடல் டைல்ஸில் வழுக்கி ஓடினால் கீழே ரப்பர் மிதியடி.

"பொண்ணு 'சி' தான் அடிக்கிறா. நீங்க 'ஜி' அடிக்கிறாங்கிறீங்க. நெட்டுல மாறிடுமா?"

மாறாது. வீட்டில் வேறு யாராவது பாட்டுக்குக் கீபோர்டை எடுத்தார்களா? திருவையாற்றில் ஒரு வீட்டில் இதே கதை. அம்மா 5 கட்டையில் பாடுகிறவர். சாதகத்துக்கு 'சி'யையே ஸட்ஜமாக வைத்து வாசிக்க வசதியாக, சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானை மாற்றி வைத்திருந்தார். நம் கணக்கில் 1 கட்டை என்பது சி, 2 டி, 4 எஃப், 5 ஜி. அம்மா மாற்றியது அப்படியே நின்றது, மறுநாள் மகள் சி அழுத்தினால் ஜி கேட்டது. திரையில் விரலைப் பார்த்த எனக்கும் ஒரு நிமிஷம் தலை சுற்றியது.

திரையில் டிரான்ஸ்போஸ் 0 என்று இருக்கிறதா பாருங்கள். பல கீபோர்டில் அணைத்துப் போட்டால் பழையபடி ஆகும், சிலது ஞாபகம் வைத்துக்கொள்ளும். கூடவே தானாகத் தாளம் போடும் ஸ்டைல், கீபோர்டை இரண்டு சத்தமாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட் பொத்தான்களும் அணைந்திருக்கட்டும். இடது கையில் திடீரென்று டிரம்ஸ் கேட்டால் ஸ்டைல்தான் காரணம்.

"ஏம்மா, கர்நாடக சங்கீதம் இருக்கற வீட்டுல பியானோ ஒத்து வருமா?"

இதைக் கேட்டவர் அதே வீட்டுத் தாத்தா. சாமான் பற்றிய கேள்வி இல்லைதான், ஆனாலும் பதில் சொன்னேன். இரண்டாம் சரபோஜி காலத்திலேயே தஞ்சை அரண்மனையில் மேல்நாட்டு பேண்ட் வாத்தியம் இருந்தது. திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார், நோட்டு ஸ்வரம் என்று இன்றும் குழந்தைகள் பாடுவது அதைத்தான். பியானோவில் கமகம், அதாவது ஸ்வரத்தை வளைத்து அசைப்பது, வராது, அதற்கு வீணையும் வாய்ப்பாட்டும் இருக்கட்டும். பேத்தி முதலில் வாசித்ததும் ஒரு நோட்டு ஸ்வரம்தான். தாத்தா கேமராவுக்கு வெளியே தாளம் போட்டது எனக்கு நன்றாகக் கேட்டது, ஒரிஜினல் சவுண்ட் போட்டிருந்தார்களே.

"எங்க தாத்தா காலத்து மரப் பியானோ பரண் ரூம்ல கிடக்கு. அதுல படிக்கலாமா?"

முதலில் ஒரு டியூனரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், பெரும்பாலும் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். பியானோவுக்குள் இருநூறுக்கு மேல் கம்பிகள், அத்தனையும் சேர்ந்து டன் கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும். நம் ஊர் மழைக்கு மரம் உப்பும், கோடையில் சுருங்கும், சுருதி இறங்கும், கீ அழுந்தினால் எழாது. வருஷத்துக்கு இரண்டு தடவை சுருதி சேர்க்க ஆகும் செலவைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். நன்றாக இருந்தால் அதைவிட நல்ல வாத்தியம் இல்லை. போனை மட்டும் அதன் மேல் வைக்காதீர்கள், அதிரும். நாலைந்து அடி தள்ளி வையுங்கள்.

"கிரேடு பரீட்சையை வீட்டுல இருந்தே எழுதலாமா?"

எழுதலாம். இந்தத் தேர்வை நடத்தும் டிரினிட்டி காலேஜ் லண்டன், ஏபிஆர்எஸ்எம் இரண்டிலும் வீடியோ பதிவு அனுப்பும் முறை இருக்கிறது. பாட்டுகளை நடுவே நிறுத்தாமல் ஒரே மூச்சில் பதிவு செய்ய வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது. எந்தக் கிரேடுக்கு எப்படிப்பட்ட டிஜிட்டல் பியானோ ஆகும், கேமராவில் எது எது தெரிய வேண்டும் என்பதை அந்த வருஷப் பாடத்திட்டத்தில் படித்துவிட்டே ஏற்பாடு செய்யுங்கள். நான் சொன்ன வலது பக்கக் கோணம் பெரும்பாலும் சரியாக வரும்.

பதிவுக்குமுன் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். மூன்றாவது பாட்டின் கடைசி வரியில் சித்தப்பா போன் பண்ணிய சோகம் எங்கள் வகுப்பில் நடந்திருக்கிறது.

"ஆடி மாசம் பூரா அம்மன் கோயில் ஒலிபெருக்கி எங்க ஜன்னலைப் பாத்துத்தான் கட்டுவாங்க. அப்ப என்ன பண்றது?"

அதற்கு எந்த ஆப்பிலும் பொத்தான் இல்லை. அந்த வாரம் ஹெட்போனைக் கீபோர்டிலேயே செருகி பிள்ளை தனியாக வாசிக்கட்டும், எனக்குக் கேட்க வேண்டாம். கேமராவில் விரலை மட்டும் பார்க்கிறேன். மீதி நேரத்துக்கு நோட்ஸ் எழுதும் பயிற்சி கொடுக்கிறேன். ஒன்பது மணிக்குமேல் செட்டை நிறுத்திவிட்டால் ஒரு மெசேஜ் போடுங்கள், நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன். எங்கள் தெருவிலும் அதே அம்மன், அதே செட்டுதான்.